நாலு பேருக்கான தொட்டி

மெல்வில் ஊரில்
கணவனைப் பிரிந்த ஒருத்தி
இடம் காலியானால் போதுமென்று
நானூறு டாலருக்குக் கொடுத்தாள்.
மூடியில் கீறல். விளிம்பில் பூனை நகம்.
பக்கவாட்டில் ஒட்டிய படத்தில்
நாலு பேர் கழுத்தளவு நீரில் சிரித்தார்கள்.
"ரெண்டு பேரே நாங்கள்
சேர்ந்து உட்காரவில்லை" என்றாள்,
பணத்தை எண்ணாமல் பையில் திணித்தபடி.

ஓரெஸ்டுக்கு இடுப்பு.
இருபத்தாறு வருஷம் பொட்டாஷ் லாரி
அவன் முதுகைக் கோணல் ஏணியாக்கியிருந்தது.
வைத்தியர் சொன்னது வெந்நீர்.
வங்கி சொன்னது பழையது.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
டிரெய்லர் வாடகை, அடியில் போடக் கான்கிரீட் பலகை,
வேலை செய்த நேரத்தைவிட
தலையை ஆட்டிய நேரம் அதிகமான எலக்ட்ரீஷியன்,
கசிந்த இடத்துக்குப் பசை,
பசை பிடிக்காததால் வேறு பசை.
நீர்க்குமிழி நிலையாது என்பார்கள்.
எங்கள் வீட்டில்
குமிழிக்கும் மீட்டர் ஓடியது.

முதல்முறை வடிகட்டியைக் கழற்றியபோது
மடிப்புக்குள் ஒற்றைத் தோடு,
பச்சைக் கல் வைத்தது.
போன் செய்து சொன்னேன்.
"எனக்குக் காது குத்தவே இல்லை" என்றாள்.
பிறகு ரொம்ப நேரம்
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
அந்தியில் சோதனைத் தாளை முக்குவேன்.
வெளுத்தால் குளோரின் போதாது,
அடர் ஊதா என்றால் அளவு மீறிவிட்டது.
ஓரெஸ்ட் தன் கால்சட்டையைச்
சலவைப் பொடியில் தோய்த்துப் போட்டுவந்த அன்று
தொட்டி முழுக்க பீர் மாதிரி நுரை.
திட்டினேன்.
நுரைக்குள்ளிருந்து
தலையை மட்டும் ஆட்டினான்.
இரண்டு பேருக்கும்
அதுதான் அந்த வாரத்தின் நீண்ட உரையாடல்.

பக்கத்து வீட்டு வெண்டல்
வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து
"வாத்து வளர்க்கிறீர்களா?" என்பான்.
அவன் வீட்டில் தரையே சூடாகும்.

ஜனவரி.
மைனஸ் முப்பத்துநாலு.
இரவு ஒன்பதுக்கு மின்சாரம் போனது.
யார்க்டன் முழுக்க ஒரே கறுப்பு,
பனி மட்டும் தன் வெளிச்சத்தில் கிடந்தது.
நள்ளிரவில் எங்கள் சமையலறை ஒன்பது டிகிரி.
ஓரெஸ்ட் டார்ச்சோடு வெளியே போய்
மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினான்:
"முப்பத்தெட்டு!"
கல்யாணத்துக்குப் பிறகு
அவன் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

கம்பளித் தொப்பியோடு இறங்கினோம்.
புருவத்தில் பனி பூத்தது.
சிரிப்புச் சத்தம் வேலி தாண்டியிருக்க வேண்டும்,
வெண்டல் வந்தான்,
போர்வைக்குள் அவன் மனைவி க்ளோரிஸ்,
அவர்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும்
நர்ஸ் மாரிவிக்.
"வாத்துகளுக்கு இடமிருக்கிறதா?"
ஐந்தாவது ஆள் இறங்கியதும்
நீர் வழிந்து
படியெல்லாம் நொடியில் கண்ணாடியானது.
இனி யாரும் வெளியே போக முடியாது.

"நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்?"
என்றாள் க்ளோரிஸ்.
"நாலு பேரும் இங்கேதான் இருக்கிறோம்,
ஒருத்தர் அதிகம்" என்றேன்.

முப்பத்தேழு.
மாரிவிக் தன் ஊரில் புயலுக்குப் பிறகு
கூரையில் உட்கார்ந்த இரவைச் சொன்னாள்.
வெண்டல் தனக்குப் போன மாதமே
வேலை போய்விட்டதைச் சொன்னான்,
க்ளோரிஸுக்கும் அப்போதுதான் தெரிந்தது.
நீருக்கடியில்
யார் கை யார் கையைப் பிடித்ததென்று
எனக்குத் தெரியாது.
ஓரெஸ்ட் உக்ரேனிய மொழியில் ஏதோ முணுமுணுத்தான்.
கேட்டால்
"பன்றி வாங்கும் பாட்டு" என்றான்.
முப்பத்தாறு.

மூன்று மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது.
மோட்டார் ஒருமுறை இருமி
ஓடத் தொடங்கியது.
யாரும் எழவில்லை.

படியில் உப்புத் தூவி
ஒவ்வொருவராய்க் கரையேற்றியது தனிக் கதை.

மறுநாள் தாளை முக்கினேன்.
அட்டையில் இல்லாத ஒரு நிறம்.
வடிகட்டியில் கம்பளி நூல்,
ஒரு பட்டன், தலைமுடி, பிளாஸ்டர்.
யாருடையதென்று கேட்டு
யாருக்கும் போன் செய்யவில்லை.

மின்கட்டணம் வியாழக்கிழமை வந்தது.
ஓரெஸ்ட் பிரித்துப் பார்த்தான்.
மடித்து
குளோரின் டப்பாவுக்கு அடியில் வைத்தான்.